பிடித்தம் போக

ஆவுடைசெல்விக்குப் பனங்கிழங்கு பிடிக்காமல் போன அன்றைக்கு நூலகத்தில் ஆளாளுக்கு வேறு வேலை இருந்தது. ஸ்கேனர் காகிதத்தை இழுக்க மாட்டேன் என்று மறுபடியும் நின்றுவிட்டது, நூலகர் ஞானசிகாமணி அதன் மூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் வருகைப் பதிவை வாங்கிப்போக வந்து அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன். இதற்கு நடுவில் அந்தப் பெண் டப்பாவைத் திறந்து, அவித்த கிழங்கின் தோலை உரித்து, தும்பு நாரைக் கிழித்துப் போட்டு, ஒரு கடி கடித்து மென்று, "மரத்தூள் மாதிரில்லா இருக்கு" என்று மூடிவைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். தை பிறந்துவிட்டால் சோறு வேண்டாம், கிழங்கு போதும் என்று கிடக்கிற பெண் அது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

விஷயம் இவ்வளவுதான். எங்கள் கல்லூரி நூலகத்தில் டிஜிட்டல் ஆவணகம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பழைய ஆண்டு மலர், விடுதி நாள் போட்டோ, நாடகத்தில் பெண் வேஷம் போட்ட பையன்களின் போட்டோ, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதற்கு மூன்று மாத இன்டர்னாக வந்தவள் ஆவுடைசெல்வி. அதே கல்லூரியில் எம்.ஏ. முடித்தவள், மேலத்தெரு. போட்டோவில் இருக்கிற ஆளுக்குப் பெயரும் வருஷமும் மட்டும் இருந்தால் அது வாக்காளர் பட்டியல், அவருக்கு என்ன பிடிக்கும் என்று இருந்தால்தான் ஆள் என்று ஞானசிகாமணி சொன்னார். அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு அபிப்பிராயம் உண்டு. அவள் 'பிடித்த விஷயங்கள்' என்று தலைப்பு வைத்தாள். கட்டம் கொள்ளவில்லை. அவர் அதை வெட்டிப் 'பிடித்தம்' என்று வைத்தார். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் முதல் ஆளாகத் தன்னையே போட்டாள்: பனங்கிழங்கு, கிளிப்பச்சை, சாயங்கால ரேடியோ. மறுநாள் கிழங்கு மரத்தூள் ஆனது, கிளிப்பச்சைச் சுடிதார் அக்கா மகளுக்குப் போனது, ரேடியோ பரணுக்குப் போனது.

நான் இந்தக் கல்லூரியின் கணக்கு அலுவலகத்தில் ஓய்வுபெற்று, வேறு ஆள் கிடைக்காததால் மறுபடியும் கூப்பிட்டு உட்கார வைக்கப்பட்டவன். அதனால் சொல்கிறேன். இந்த ஆவணகத்துக்குப் புதிதாக மென்பொருள் செய்தால் செலவு என்று நிர்வாகம் எங்கள் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர் பேக்கேஜையே தலைப்பு மாற்றி வாங்கிக்கொண்டது. சம்பளப் பேக்கேஜுக்குப் பிடித்தம் என்றால் ஒரே அர்த்தம்தான். பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைத்தான் கையில் கொடுக்கும். அது தன் வேலையைச் செய்தது. இதற்கு மேல் காரணம் வேண்டுகிறவர்கள் வேறு ஆளைப் பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் லாமெக் பழைய போட்டோவில் தன்னை அடையாளம் காட்ட வந்தவர், குரலைப் பதிய மேஜையில் வைத்திருந்த மைக்கில் 'வெற்றிலை' என்று சொன்னார், ஆவுடை தட்டினாள், வாயில் இருந்ததை வாசலிலேயே துப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். பல வருஷமாக டாக்டரால் செய்ய முடியாததை நூலகம் செய்துவிட்டது என்று அவர் சர்ச்சில் சொல்ல, சர்ச்சில் கேட்டது சந்தைக்குப் போக, சந்தையிலிருந்து பலசரக்குக் கடை பூலோகபாண்டி வந்தார். உடம்பெல்லாம் சர்க்கரையாக நடமாடிய மனுஷன், மஸ்கோத் அல்வா என்று கண்ணீரோடு சொல்லிவிட்டுக் கண்ணீர் காய்வதற்குள் அது என்ன பண்டம் என்பதுபோல் எழுந்து போனார். அவ்வளவுதான், ஊர் திரண்டுவிட்டது. புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த பெண்டாட்டிகளும், மகனைப் பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்த அப்பன்களும், சீட்டாட்டத்தை விட்டுவிடத் தாங்களாகவே வந்தவர்களும், தேர்தலில் தோற்ற கையோடு தலைவரை விட்டுவிட வந்த கட்சிக்காரர்களும், அவர்களைப் பார்த்துச் சிரிக்க வந்து தங்கள் தலைவரையும் விட்டுவிட்டுப் போன எதிர்க்கட்சிக்காரர்களும், உப்பளத்து வேலை முடிந்து காலில் வெள்ளையோடு வந்து 'மத்தியானத் தூக்கம்' என்று சொல்லிவிட்டுப் போன பெண்களும் வாசலில் இருந்து சைக்கிள் ஸ்டாண்டு வரை நின்றார்கள். டீக்கடைக்காரர் டோக்கன் கொடுத்தார். தரச்சான்று கொடுக்க வரும் குழுவுக்கு நூலக வருகையைக் காட்டலாம் என்று பிரின்சிபால் மின்விசிறி வாங்கிப் போட்டார்.

தன் வாயால் தான்தான் சொல்ல வேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் சொன்னால் ஏறாது என்பது சீக்கிரம் தெரிந்துபோயிற்று. சொல்லையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. 'குடி' என்று சொன்ன ஒருவன் பிராந்தியோடு சேர்த்துக் குடித்தனத்தையும் விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளைப் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பதுபோல் பார்த்தான். அதற்குப் பிறகு சரக்கின் பெயரைச் சொல்லவும் என்று ஆவுடை அட்டையில் எழுதி மாட்டினாள். என் வீட்டிலும் பீடியைச் சொல்லிவிட்டு வரச் சொன்னார்கள். போக மாட்டேன் என்றேன். அதோடு முடிந்தது.

ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று. அல்வாக்கடை பகலிலேயே மூடியது. கல்யாண வீட்டில் ருசி இல்லை என்று சண்டை போட ஆள் இல்லை. கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் பாதியில் நிறுத்திவிட்டு, யாராவது கேட்கிறீர்களா என்று கேட்டார். நல்லதுதானே என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்ன குரலும் ஒரே மாதிரி இருந்தது.

இது இந்த மட்டோடு நின்றிருந்தால் நான் ஏன் இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் மேலத்தெருப் பெண் கீழத்தெருப் பையனைப் பார்த்துவிட்டால் அது தண்டவாளத்தில் முடியும். அல்லது கிணற்றில். பேப்பரில் ரெண்டு வரி வரும், தற்கொலை என்று வரும். இந்த வேலையை ஆவணகத்திலேயே முடிக்கலாமே என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்று தெரியவில்லை, ஆனால் தோன்றிய பிறகு இதுவரை ஒரு டீக்கடையில் சேர்ந்து உட்காராத இரண்டு தெருப் பெரியவர்களும் நூலகத்தின் வாசிப்பறையில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் ஜோடியைக் கூட்டிவந்தார்கள். பெண் பையன் பெயரைச் சொன்னாள், பையன் பெண் பெயரைச் சொன்னான், ஆவுடை தட்டினாள். பெண் கொட்டாவி விட்டு, மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்று அம்மாவிடம் கேட்டாள். பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டே வெளியே போனான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, போலீஸ் இல்லை, எவ்வளவு நாகரிகமாக முடிந்தது பாருங்கள் என்று ஊர் பெருமைப்பட்டது. அடுத்த வாரம் பக்கத்து ஊரிலிருந்தும் வேன் வைத்து வந்தார்கள்.

ஆவுடை இனித் தட்ட மாட்டேன் என்றாள். சர்டிபிகேட் வேண்டாமா என்று பிரின்சிபால் கேட்டார். தட்டினாள். மத்தியானம் டப்பாவைத் திறக்காமலே கொண்டுபோனாள். நான் பார்த்தேன். என்னம்மா என்று கேட்கவில்லை.

அவளுக்கும் ஒருவன் இருந்தான். மினி பஸ் கண்டக்டர் கிருபாகரன். கீழத்தெரு. ஆவுடையிடம் பஸ் பாஸ் இருந்தது, டிக்கெட் வேண்டாம். ஆனாலும் அவன் தினமும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான், அவள் தினமும் வாங்கினாள், இரண்டு பேரும் அதற்கு மேல் ஒன்றும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. பாஸ் வைத்திருக்கிற பெண்ணின் பையில் எதற்கு இத்தனை டிக்கெட் என்று அவள் அண்ணன் சிவனணைந்தான் கேட்டான். கம்பிக்கடை வைத்திருக்கிறவன். கேட்டுக்கொண்டே அடித்தான். பிறகு டீக்கடையில் வந்து, முன்ன மாதிரி இருந்தா இந்நேரம் அரிவாள்தான், இப்ப காலம் மாறிட்டுல்லா, படிச்ச பிள்ளைகள், நூலகத்துல வச்சே முடிச்சிருவோம் என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். கிருபா மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, கடையில் கம்பி மட்டும் விற்கவில்லை அவன்.

நூலகத்தில் வைத்து முடிக்கக் குறித்த நாளுக்கு முந்தின நாள் ஆவுடை என் அறைக்கு வந்தாள். கன்னத்தில் வீக்கம் இன்னும் வற்றவில்லை.

"சார், பிடித்தம் திரும்ப வருமா?"

"எந்தப் பிடித்தம்?"

"உங்க சம்பளத்துல."

"வேலைய விட்டா வரும். வட்டியோட வரும். அது அவங்கவங்க சொந்தக் காசு, காலேஜு காசா?"

நின்றுகொண்டே இருந்தாள். வேறு என்ன என்றேன்.

"முப்பதாம் தேதியோட மூணு மாசம் முடியுது. அன்னைக்கு என் கணக்க முடிச்சிருங்க சார். நீட்டிக்கப் போறாங்க. எனக்கும் அப்ப இருக்கலாம்னுதான் தோணும். நானே வந்து வேண்டாம்னு சொன்னாலும் கேக்காதீங்க."

"நீ சொல்லுதத நான் என்னைக்குக் கேட்டேன்" என்றேன்.

சிரித்தாள். வீங்கின பக்கம் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் வாசிப்பறை நிறைந்துவிட்டது. பஸ் முதலாளி கிருபாவைக் கையோடு கூட்டிவந்திருந்தார். அவன் தோளில் தோல்பை அப்படியே இருந்தது, விரலிடுக்கில் மடித்த நோட்டு அப்படியே இருந்தது. மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். எதிரே கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஆவுடை. ஊர் பேர் வயசு எல்லாம் கேட்டாள், வேறு யாரையும் கேட்பதுபோலவே கேட்டாள், அவனும் சொன்னான். பிடித்தம் என்று கேட்டாள்.

"ஆவுடை" என்றான்.

ஞானசிகாமணி குறுக்கே வந்தார். ஆவுடை என்று மட்டும் சொன்னால் கோயிலில் லிங்கத்துக்குக் கீழே இருக்கிற ஆவுடையும் போய்விடும், பிற்பாடு சாமி குத்தம் என்று பிரச்சினை வரும், முழுப் பெயர் சொல்லுங்கள் தம்பி என்றார். யாரோ சிரித்தார்கள்.

"ஆவுடைசெல்வி" என்றான் கிருபா. "ஆவுடைசெல்விய எனக்குப் பிடிக்கும்." இதைச் சொல்லும்போது பல பேர் முன்னால் சொல்லக் கிடைத்ததே என்று இருந்தது அவன் முகம்.

அவள் தன் பெயரைத் தானே எழுத்துக் கூட்டித் தட்டினாள். வழக்கமாகப் பார்க்காமல் தட்டுகிறவள், அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினாள். பிறகு பொத்தானை அமுக்கினாள். கிருபா வேறு ஸ்டாப்பில் இறங்கிவிட்டவன்போல நாலு பக்கமும் பார்த்தான். டிரிப்புக்கு நேரமாயிற்று என்று எழுந்து, நடுவில் இருந்த சிவனணைந்தானைக் கொஞ்சம் தள்ளுங்கண்ணே என்று சொல்லி வழி வாங்கிக்கொண்டு போனான்.

அவள் மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். "எனக்குப் பிடிச்சது கிருபாகரன்" என்றாள். தட்டினாள், அமுக்கினாள், மூச்சு விட்டாள். வரிசையைப் பார்த்து, "அடுத்து யாரு?" என்றாள். சிவனணைந்தான் எல்லாருக்கும் டீ சொன்னான். நான் குடிக்கவில்லை.

முப்பதாம் தேதி காலையில் என் அறைக்கு வந்தாள். வீக்கம் போய் முகம் தெளிந்து, நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல இருந்தாள். பொய் இல்லை, உண்மையாகவே தூங்கியிருக்கிறாள். கையில் நீட்டிப்பு உத்தரவு.

"சார், ஒரு வருஷத்துக்குக் கொடுத்திருக்காங்க. நான் இருக்கேன். அன்னைக்கு என்னமோ சொன்னேன்ல, அத விட்டுருங்க. ஏன் சொன்னேன்னே தெரியல."

என் முன்னால் கம்ப்யூட்டரில் அவள் கணக்கு திறந்து கிடந்தது. சரி என்று சொல்லிவிட்டு மூடியிருக்கலாம். எதிரே நிற்கிற பெண் நல்ல மனசோடு, தெளிவோடு, தன் வாயால் வேண்டாம் என்கிறாள். வேண்டும் என்று சொன்ன பெண் எங்கேயும் இல்லை, அவளுக்காகப் பேச இந்த ஊரில் ஒருவரும் இல்லை, அவள் வந்து நின்றதற்கு என்னைத் தவிர சாட்சியும் இல்லை. நான் இந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் கன்னத்தில் எந்தப் பக்கம் வீங்கியிருந்தது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் ஒரு நாள் போனால் நானும் மறந்துவிடுவேன்.

"முடிச்சாச்சும்மா" என்றேன்.

முடிக்கவில்லை. அவள் முகம் சுருங்கிற்று. என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க, பிரின்சிபால்கிட்ட சொல்லுதேன் என்று வராந்தாவில் இறங்கினாள். அவள் செருப்புச் சத்தம் கேட்கிறபோதே கணக்கை முடிக்கிற பொத்தானை அமுக்கினேன்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. அவரவர் பிடித்தம் அவரவருக்குத்தான் போகும் என்று இருந்தேன். ஆனால் இத்தனை நாளும் இத்தனை பேருக்கும் தட்டியது அவளுடைய ஒரே லாகினில். அடுத்த லாகினுக்குப் பேக்கேஜ் கம்பெனிக்காரன் காசு கேட்பான் என்று பிரின்சிபால் வாங்கவில்லை. பேக்கேஜுக்குத் தெரிந்த ஊழியர் ஒரே ஒருத்திதான். ஊரிடம் பிடித்தது முழுவதையும், வட்டியைக் கூட்டி, அவள் பெயரில் வரவு வைத்தது.

வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு படி இறங்கி வெயிலில் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன், இந்த வயசில் என்ன நடை நடக்க முடியுமோ அந்த நடை. அவள் வெற்றிலைக்கடை வாசலில் வாய் ஊறி நின்றாள், அல்வாக்கடையின் மூடின கதவைத் தடவினாள், மோந்து பார்த்திராத பிராந்திக்காகத் தொண்டை வறண்டாள், சுவரில் கிழிந்து தொங்கின இரண்டு கட்சித் தலைவர்களையும் ஒரே மாதிரிப் பார்த்துக் கும்பிட்டாள், சீட்டுக்கட்டுக்கும் மத்தியானத் தூக்கத்துக்கும் ஏங்கினாள், பிரித்துவிடப்பட்ட அத்தனை பையன்களையும் அத்தனை பெண்களையும், பக்கத்து ஊர்க்காரர்கள் உட்பட, ஒருத்தர் விடாமல் விரும்பினாள், அழுதுகொண்டே சிரித்தாள், தாங்க முடியாமல் நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு நடந்தாள். கடை கடையாக ஜனங்கள் வெளியே வந்தார்கள். தன் வீட்டுச் சாமானை யாரோ தலையில் வைத்துக்கொண்டு போகிறார்கள், என்ன சாமான் என்றுதான் தெரியவில்லை என்பதுபோல நின்று பார்த்தார்கள்.

கம்பிக்கடையிலிருந்து சிவனணைந்தான் வந்தான். அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது, அந்த மாதிரி விஷயம் அவனுக்குச் சீக்கிரம் புரியும். கையில் அளந்து வெட்டின கம்பி ஒன்று இருந்தது. நான் கத்தினேன்.

அவர்கள் அம்மாவும் ஒரு நாள் வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். காபியையோ எதையோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். மகன் மகளை அடித்த மறுநாள் அது. என் மூத்த மகன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். மகள் தட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு அம்மா அவன் முகத்தைப் பார்க்காமலே சோறு வைத்ததும், பேர் சொல்லிக் கூப்பிடாததும் ஏன் என்று அவனுக்குத் தெரியாது. அதுவும் இப்போது ஆவுடையிடம் இருந்தது. கம்பியோடு வந்தவனை அவள் நிமிர்ந்து பார்த்தாள். பயம் இல்லை, கோபம் இல்லை. வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"சாப்பிட்டியால?" என்றாள்.

அவன் குரல் மாறி, "அம்மா" என்றான். பிறகு நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் தலையைத் தொட்டுவிட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு போனாள்.

மினி பஸ் புறப்பட நின்றிருந்தது. ஏறினாள். கிருபா பையைத் தட்டிக்கொண்டு வந்தான்.

"எங்க போணும்?" மற்ற எல்லாரிடமும் கேட்கிற குரல்தான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை அவளுக்குப் பிடிக்கும் என்பது திரும்ப வந்திருந்தது. அவளை அவனுக்கு எப்படியெல்லாம் பிடித்திருந்தது என்பதும் அவளிடம்தான் இருந்தது. அவனிடம் ஒன்றும் இல்லை.

"எங்க போணும்னு கேட்டேன்" என்றான்.

"உன் சாமான் ஒண்ணு என்கிட்ட இருக்கு."

"என்ன சாமான்?"

"உக்காரு, சொல்லுதேன். வட்டியோட இருக்கு. நேரமாவும்."

டிரைவர் ஹாரன் அடித்தார். கிருபா டிக்கெட் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தான், பிறகு அவளுக்கு எதிர்சீட்டின் விளிம்பில், இறங்கிவிடுவதற்குத் தோதாக, உட்கார்ந்தான். அவள் பேச ஆரம்பித்தது தெரிந்தது. என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. பஸ் தேரிக்காட்டுச் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு திரும்பிற்று.

பூலோகபாண்டி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ள எப்ப திரும்பி வரும்?"

"எனக்கு எப்படி வே தெரியும்."

"வருமா?"

புழுதி அடங்கிற்று. இரண்டு தெருவும் ரோட்டில் நின்றது. ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை.